மசாஜ் மெஷினுக்குக் கிரீஸ் வைத்தேன்

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். வண்டியை ஒரு நாளும் நடுவழியில் நிற்க விட்டதில்லை. அப்படிப்பட்டவன் கைக்கு அடக்கமான ஒரு மசாஜ் மெஷினைக் கெடுத்தேன் என்றால் யாராவது நம்புவார்களா? கெடுத்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

வேலை ஓய்ந்தபோது என் வலது தோளும் ஓய்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் என் மனைவி தைலம் போட்டுத் தேய்த்து விடுவாள். கூடவே திட்டும் உண்டு. "தோளா இது, கல்லாட்டம் இருக்குது, என் கையிதானுங்க நோவுது" என்பாள். இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் எங்கள் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு என் மனைவி போனாள். மகள் மறுபடி வேலைக்குப் போனாள், பேரனைப் பார்க்க ஆளில்லை, இவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

நானும் ஒரு தடவை போனேன். ஒரே படுக்கையறை உள்ள வீடு. ஹாலில் பேரனோடு அவள், டிவிக்குக் கீழே பாயில் நான். மருமகன் தண்ணீர் குடிக்க வந்தால் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலாம் நாள், "இந்த ஹால் படுக்கை எனக்கு ஒத்து வராது, ஆளை விடுங்கடா சாமி!" என்று கத்திவிட்டு ஏற்காட்டு வீட்டுக்கு மலையேறிவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் ஃபோனில் தினமும் தோள்வலிப் புராணம்தான். அதைக் கேட்டாவது கிளம்பி வருவாளா என்ற நப்பாசை, வேறென்ன. வந்தது அவள் இல்லை, ஒரு பார்சல். பெட்டி மேல் மசாஜ் மெஷின் படம்: துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, முனையில் பஞ்சு உருண்டை. மகள் ஃபோனில் சொன்னாள்: "பட்டன அமுத்துனாப் போதுமுங்கப்பா. இனி அம்மா கையே வேண்டியதில்ல." எனக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டியை அங்கே வைத்துக்கொண்டு பதிலுக்கு மெஷின் அனுப்புகிறாளே! மூன்று நாள் பெட்டியைப் பிரிக்கவில்லை.

வலி தாங்காமல்தான் பிரித்தேன். சும்மா சொல்லக் கூடாது, தோளுக்கு இதமாகத்தான் இருந்தது. முதுகின் நடுவில் மட்டும் எட்டவில்லை. எப்படி வளைந்தாலும் ஒரு சாண் குறைந்தது. கடைசியில் கதவுக்கும் முதுகுக்கும் நடுவே மெஷினைக் கொடுத்துச் சாய்ந்தேன். கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"ஏனுங்க, உங்க ஊட்டுக் கதவ ஆரோ தட்டறாங்க!" என்று பக்கத்து வீட்டம்மா சத்தம் போட்டார்.

"ஆருமில்லீங்க, நாந்தான் உள்ள இருந்து தட்டறேன்" என்றேன். அந்தம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தெரிந்தது பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் விதம் ஒன்றுதான். இதையும் அப்படியே பார்த்துக்கொண்டேன். குளிர்காலத்தில் விடியற்காலை பஸ்ஸை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்றபடி ஓட விட்டால்தான் எஞ்சின் சூடேறும். மெஷினையும் தினமும் காலையில் பத்து நிமிடம் சும்மா ஓட விட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்துக்காகத்தான் ஓட விட்டேன். அது உறுமிக்கொண்டிருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல இருக்கும். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே அடுக்களை வரைக்கும் வரும், பெட்டியில் பூஞ்சை பூக்கும். துடைப்பேன். காற்றுப் போகும் ஓட்டைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். "என்னடா, வயிறு ரொம்பிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சார்ஜரைப் பிடுங்குவேன். சில நாள் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு பேச்சுதான்.

அப்புறம் ஒரு நாள் கடகடவென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் கிரீஸ். டிரைவர் புத்தி எங்கே போகும்? உருண்டையைக் கழற்றி, தண்டு உள்ளே போய் வரும் இடத்தில் கட்டைவிரலால் கிரீஸை அப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் முக்கியது, கருகல் வாடை அடித்தது, நின்றுவிட்டது. கூட வந்த காகிதத்தை அன்றைக்குத்தான் விரித்துப் பார்த்தேன். எண்ணெய்க் குப்பியைப் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருந்தார்கள்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குள் ஒரு சந்தோஷம். மெஷின் போச்சு, இனி அவள் வந்துதானே ஆக வேண்டும்! உடனே அவளுக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மிணி, மெஷின் செத்துப்போச்சு. தோளத் தூக்க முடியல."

பேரன் எதையோ போட்டு உடைக்கும் சத்தம் கேட்டது.

"ரிப்பேருக்குக் குடுங்க. சரியாச்சுன்னா ஒரு வாரத்துக்கு எனக்கு அனுப்பி வையுங்க."

"உனக்கெதுக்கு?"

"இடுப்பு நிக்கவே மாட்டேங்குதுங்க. பையன் நொம்பக் கனம். தூக்கித் தூக்கி, வலி வந்து ஒரு வருசமாச்சு. புள்ளைகிட்டச் சொன்னா வேலைய விட்டுருவா, அதான் சொல்லல."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அரிசி தீர்ந்துபோச்சு என்பதுபோலச் சொன்னாள். இரண்டு வருடம், தினமும் ஃபோன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு உடம்பு எப்படி இருக்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஏரிக்குப் பக்கத்தில் செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் மெஷினைக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கிரீஸ் வச்சீங்களா? இதென்ன பஸ்ஸுங்களா? பஞ்சுத் தூளும் கிரீஸும் சேந்து களி மாதிரி இறுகிக் கெடக்குதுங்க."

அவள் சுரண்டித் துடைத்து ஓட விட்டாள். காய்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, சும்மா ஓட்டவே கூடாது என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கே பழைய துண்டில் சுற்றி, புது உருண்டை ஒன்றும் வைத்து, கூரியரில் அனுப்பினேன். நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"வந்துருச்சுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா வலிக்கிற எடத்துக்குக் கையி எட்ட மாட்டேங்குதுங்களே."

"எலும்பு மேல வெக்காத. மொத ஸ்பீடுலயே வை. கதவுல முட்டுக் குடுத்துச் சாஞ்சுக்க" என்றேன்.

ஃபோனை அணைக்காமல் கீழே வைத்தாள். மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. தடதடவென்று அந்த வீட்டுக் கதவு அதிரும் சத்தமும் கேட்டது. அவளும் உள்ளே இருந்து தட்டிக்கொண்டிருந்தாள். கேட்கப் பொறுக்கவில்லை. சத்தம் நின்றதும், "நான் வரட்டுமா?" என்றேன்.

"வந்து? ஹால்லதானுங்க படுக்கோணும்."

"நீ ரெண்டு வருசமா அங்கதான படுக்கற?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "வரும்போது தைலம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.