அழிந்துபோன பதினொரு கிழமைகள்

போரின் கடைசி வருடங்கள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சிறிய அலுவலகத்தில் கணினிப் பொறுப்பு என்னுடையது. காணாமல் போனவர்களின் விபரங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவதுதான் எங்கள் வேலை. சோதனைக்கு வரும் படையினரின் கையில் அகப்படக் கூடாதென்று, டேட்டாபேஸில் ஏற்றியவுடன் படிவங்களை எரித்துவிடுவோம்.

தினமும் மாலையில் பேக்கப் எடுப்பேன். திரையில் 'முடிந்தது' என்று வந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். எடுத்ததை ஒரு தடவையாவது திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தது. நான் பதறவில்லை; பேக்கப் இருக்கிறதே. புது டிஸ்க் போட்டு ஏற்றினேன். பாதியில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய நாளுடையதும் அப்படித்தான். பேக்கப் வைக்கும் டிஸ்க் எப்போதோ நிரம்பியிருக்கிறது. எழுதப்பட்டதோ இல்லையோ 'முடிந்தது' என்று காட்டும்படி அந்த புரோகிராமை எழுதியவன் நானேதான். முழுதாக ஏறியது பதினொரு கிழமைக்கு, அதாவது இரண்டரை மாதத்துக்கு, முந்தையது ஒன்றுதான்.

அதற்குப் பின் வந்து அழுது சொன்னவர்களின் பிள்ளைகள் எங்கள் பதிவிலும் இல்லை. வாசல் காவலாளியின் கொப்பியில், வந்தவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் இருந்தன. ஒவ்வொருவராக அழைத்தேன். போனில் விபரம் கதைக்கப் பயம். "ஒருக்கா ஒபிசுக்கு வரேலுமோ?" என்று மட்டும் கேட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா ஒரு மணித்தியாலத்துக்குள் த்ரீவீலரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை.

"தம்பி, மகன் எங்க? கிடைச்சிட்டான்தானே? மாத்திறதுக்கு உடுப்பும் கொண்டந்தனான்."

பைக்குள் அயர்ன் பண்ணி மடித்த சேர்ட்டும் காற்சட்டையும் தெரிந்தன.

"சும்மா சரிபார்க்கக் கூப்பிட்டது எண்டு சொல்லும்" என்று எங்கள் மேலாளர் காதோரம் சொன்னார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, மகனைப் பற்றி ஒண்டும் தெரிய வரேல்ல. நீங்க தந்த விபரம் என்ர பிழையால அழிஞ்சிட்டுது. திரும்பச் சொல்லோணும்."

அவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "அண்டைக்கு இதெல்லாம் சொல்லிப்போட்டுப் போய் மூண்டு நாள் சாப்பிடேல்ல, தம்பி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு சொல்லத் தொடங்கினார்: மகனை ஏற்றிப்போன வான் எந்தச் சந்தியில் நின்றது, என்ன நிறச் சேர்ட், இடது புருவத்துத் தழும்பு. நான் தலை நிமிராமல் தட்டச்சுச் செய்தேன். எழும்பும்போது ஒன்றுதான் கேட்டார்: "இந்த முறை இருக்கும்தானே?"

மற்றவர்களும் வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் தொலைபேசியை எடுக்கவேயில்லை. அவர்கள் யாரைத் தேடினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் மகன், நான் அங்கிருந்து விலகும்வரை, திரும்பி வரவில்லை.

இப்போதும் இதே வேலைதான் செய்கிறேன். ஒவ்வொரு கிழமை முடிவிலும் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே வீட்டுக்குப் போகிறேன். ஆனால் ஒரு தாயை, மகனைக் கொண்டுபோன அந்த நாளுக்குள் இரண்டாம் தரமும் போய்வர வைத்தவன் நான் என்பது, எத்தனை முறை சரிபார்த்தாலும் மாறுவதில்லை.