ஒரு பெயரையும் விடாதவர்

புனேயின் வானவடியில், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெரியம்மா அழைத்தார். "மெர்சி, பெரியப்பா போயிட்டாங்கம்மா. காலையில காப்பி கொண்டு போனேன், எந்திரிக்கல. நீயும் மாப்பிள்ளையும் வாங்க. உங்க அப்பா இருப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

பெரியம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாத்தாராவைச் சேர்ந்த, இந்துவான சந்தீப்பை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து, பதினான்கு ஆண்டுகளாக அப்பா என்னோடு பேசியதில்லை.

பெரியப்பா ஞானமுத்து இளவயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து புனே வந்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாபோடியில் அவரும் அவருடைய தம்பியான என் அப்பாவும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் பெரியப்பா அரைமணி நேரம் முன்பே போய்விடுவார். மழைக்காலத்தில் சாரலடித்த பெஞ்சுகளைத் தம் துண்டால் துடைத்து வைப்பார். ஏன் என்று கேட்டால், "நனைஞ்ச துணியோட உக்காந்தா யாருக்குப் பிரசங்கம் ஏறும்?" என்பார்.

மாலை ஏழு மணிக்கு இரு வீட்டாரும் கூடிக் குடும்ப ஜெபம். பெரியப்பா மூத்தவரில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். உறவுகள் முடிந்து தொழிற்சாலை நண்பர்கள், எதிர்வீட்டு மராத்திக்காரரின் இருமல் வரை போகும்.

"ஆண்டவருக்கு எல்லாரையும் தெரியும். சுருக்கா முடிங்க, ரசம் ஆறுது" என்பார் பெரியம்மா.

"அவருக்குத் தெரியும். நமக்குல்லா மறந்து போவும்."

என் திருமணத்துக்கு அவர் வரவில்லை. "நம்ம கோயிலுக்கு வெளிய நடக்க கல்யாணத்துக்கு வர எனக்கு மனசில்லம்மா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஆனால் அன்று மாலையே ஜெபத்தில் என் பெயருக்கு அடுத்து சந்தீப்பின் பெயரைச் சேர்த்துவிட்டார். அப்பா கொதித்துப்போனாராம்.

"அண்ணே, அந்தப் பேர விட்டுருங்க."

"ஒரு ஆளக் குறைச்சுச் சொல்ல எனக்கு வராதுல. நீ வேணா ஆமென் சொல்லாத."

அப்பாவால் அது முடியவில்லை. சிறுவயதிலிருந்து பழகிய நாக்கு. பெரியப்பா ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்து, மகள், மாமியார் வரை எங்கள் வீட்டு நலனையெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சிரிப்பார். "உங்கப்பன் இந்த வாரமும் ஏழு ஆமென் சொல்லிட்டான்."

எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை. பழக்கத்தில் வரும் ஆமெனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று ஒருமுறை கோபப்பட்டேன். ஆனாலும் அவர் அடுத்த ஞாயிறும் அழைத்தார்.

அடக்கம் முடிந்து தாபோடி வீட்டுக்குத் திரும்பினோம். மணி ஏழானதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். இனி மூத்தவர் அவர்தான். நானும் சந்தீப்பும் கதவருகே நின்றோம்.

அப்பா கண்களை மூடி, "ஆண்டவரே, எங்க அண்ணனுக்கு நல்ல சுகம்..." என்று தொடங்கி, நின்றுவிட்டார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. யாரும் திருத்தவில்லை. பிறகு பெரியம்மாவின் பெயரைச் சொன்னார். அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"மெர்சி. சந்தீப். அவங்க மக அதிதி. சாத்தாராவுல இருக்க சந்தீப்போட அம்மா, அவங்க முழங்கால் வலி..."

அந்த அம்மாவை அப்பா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போய் வாருங்கள், பெரியப்பா. மீதிப் பெயர்களை அப்பா சொல்லிக்கொள்வார்.