மாப்பிள்ளைக்குப் பிடிக்காத புல்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் கினிப் பன்றியைச் சமையலறைத் தராசில் எடை போட்டதுதான். அப்பா அதை மாப்பிள்ளை என்பார். எழுநூற்று நாற்பது கிராம். ஒரே வாரத்தில் அறுபது குறைந்திருந்தது. உலர்ந்த புல்லைத் தொடவில்லை. குடைமிளகாயை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"புல் மெல்லலேன்னா குடல் நின்னுடும்ப்பா. நீங்க குடுக்கிற இனிப்புத் தீனிதான் காரணம்."

"மாப்பிள்ளைன்னா முறுக்கத்தான்மா செய்வாரு. கொஞ்சம் கெஞ்சணும்."

அப்பா தையல்காரர். காகிதம் வெட்டக்கூட எங்களுக்குத் தராத துணிக் கத்தரிக்கோலால் புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கினார். கொத்தமல்லித் தண்டோடு சேர்த்து நீட்டினார். மாப்பிள்ளை நான்கு இழை தின்றது.

மறுநாள் தையல் மெஷின்மேல் சாய்ந்த அப்பா எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை எடை அறுநூற்றுத் தொண்ணூறு. நானும் அதே நீளத்துக்கு நறுக்கி நீட்டினேன். அது மூலையை விட்டு நகரவில்லை. மாலைக்குள் எதுவும் தின்னாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் கால்நடை மருத்துவர்.

மதியம் அப்பாவின் போன் அடித்தது. அப்பா வழக்கமாகப் புல் வாங்கும் குதிரை லாயக்காரர்.

"தையல்காரரே, ஆளையே காணோம்? பழைய புல்லுல பூஞ்சை வாடை, அதான் மாப்பிள்ளை தொடலைன்னு சொன்னீங்களே. புதுசு ஒரு மூட்டை எடுத்து வெச்சிருக்கேன். நேத்தே வர்றேன்னீங்க."

எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று கேட்டேன்.