கலர் கரைந்துவிடும் என்று பயந்தேன்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, அக்கா, அம்மாவின் கடைசித் தம்பியான மாமா, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த கட்டிடக்காரர், அவர் சம்சாரம், பிறகு நான். அக்கம்பக்கத்தார் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை. ஏழு பேரில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லோரும் பார்க்க வந்தது ஒரு கலர் டிவியை. மேகமலையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அப்பா அதை எழுநூறு ரூபாய்க்கு வாங்கி, தேயிலை மூட்டை ஏற்றிய லாரியில் இறக்கிக் கொண்டுவந்தார். மரப்பெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு. மலைப்பனியில் வருஷக்கணக்காகக் கிடந்ததில் உள்ளே துருவும் பூஞ்சையும் கரப்பான் முட்டையுமாக இருந்தது. அப்பா வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். புது டிவி வாங்குகிற சம்பளம் இல்லை. தெருவில் டிவி இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான் என்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாமா தேனியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் மூன்று வருஷம் வேலை பழகியவர். சொந்தமாகக் கடை வைக்க ஆசை. அட்வான்ஸ் கொடுக்கக் காசில்லை. கட்டிடக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். பையன் வேலை சுத்தமாக இருந்தால் அட்வான்ஸ் இல்லாமலே கடையை விடுகிறேன், முதலில் அந்த எஸ்டேட் டிவியில் படத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். ஆக, எங்களுக்கு அது டிவி, மாமாவுக்குக் கடை.

சாமான்களுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல் கிடையாது என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். மாமா தேனிக்குப் போய், உடைந்த டிவிகளிலிருந்து கழற்றிய பழைய பார்ட்டுகளை வாங்கிவந்தார். என் பல்துலக்கும் பிரஷ்ஷால்தான் உள்ளே இருந்த பூஞ்சையைத் தேய்த்து எடுத்தார். எல்லாம் முடிந்தபோது ஒரு பார்ட் மட்டும் பாக்கி நின்றது. பட்டன் அளவுதான் இருக்கும். பிக்சர் டியூபைச் சுற்றி ஓடுகிற ஒயருக்கு அது வேண்டும், அறுபது ரூபாய் என்றார் மாமா.

“அது இல்லாட்டி படம் வருமா, வராதா?”

“வரும் மச்சான். ஆனா...”

“வந்தாச் சரி.”

அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் படம் வந்தது. திரையில் யாரோ ஒருவர் உரமூட்டை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் நீலத்தைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தா, டியூபு கழுத்துல வளையம் வளையமா இருக்கு பாரு, பூரா காந்தம். செவப்பு, பச்சை, நீலம் மூணையும் இதுதான்த்தா சேத்துப் புடிச்சு வச்சிருக்கு. இது விட்டுச்சுன்னா கலர் தனித்தனியாப் போயிரும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அப்படிப்பட்ட பிள்ளை. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பஸ் டிக்கெட்டை இறங்கும் வரை உள்ளங்கையிலேயே நனைத்து வைத்திருப்பேன். அந்த வருஷம்தான் அம்மாவின் புதுச் சேலை முதல் தண்ணியிலேயே சாயம் விட்டு, என் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் திட்டுத் திட்டாகிப் போயிருந்தது. போன கலர் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அந்த வளையங்கள் எத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருக்கின்றனவோ. ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கை வலித்து விட்டுவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கறி எடுக்கப் போயிருந்தார். மாமா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். மாமாவின் சாமான் பெட்டியில் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதன் பின்னால் கைப்பிடி அளவுக்குக் காந்தம். சின்ன வளையங்களே இவ்வளவு பிடிக்குமென்றால் இது இன்னும் பத்து வருஷத்துக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். எடுத்து டிவிக் கண்ணாடியில் வைத்து, அம்மா எனக்கு நெஞ்சில் தைலம் தேய்ப்பதைப் போல நாலு மூலையிலும் நடுவிலும் தேய்த்தேன். மூலைக்கு நூறு. எண்ணிக்கொண்டே தேய்த்தேன். பிறகு ஸ்பீக்கரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஐந்து இட்லி சாப்பிட்டேன்.

பதினொரு மணிக்குக் கட்டிடக்காரரும் சம்சாரமும் வந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா மரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தார். மாமா சுவிட்சைப் போட்டார்.

ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் ஊதா. மூலைகளில் ரத்தக்கட்டு மாதிரி சிவப்பு.

“என்னங்க இது, பொம்பளைக்குப் பாதி மூஞ்சி பாசி புடிச்சிருக்கு, பாதி மூஞ்சி கத்திரிக்காயாட்டம் இருக்கு” என்றாள் கட்டிடக்காரர் சம்சாரம்.

“கலர் டிவிதானம்மா செய்யச் சொன்னோம். தம்பி ஒரு கலர் விடாமப் போட்டிருக்காரு” என்றார் அவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. மாமா மூன்று தடவை அணைத்துப் போட்டார். மூன்று தடவையும் அதே பச்சை, அதே ஊதா. யாராவது தொட்டீர்களா என்று அப்பா கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“மாமாதான் காலைல உள்ள கைய விட்டு என்னமோ திருகிக்கிட்டு இருந்துச்சு” என்றேன்.

காலையில் மாமா அந்த டிவிப் பக்கமே வரவில்லை. மாமா என்னைப் பார்த்தார். பிறகு திரையில் இருந்த திட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். மூலைக்கு ஒன்று நாலு, நடுவில் ஒன்று. எல்லாம் ஒரே அளவு வட்டம்.

“ஆமா மச்சான். லேசாத் திருகுனேன். பழைய டியூபு, தாங்கல” என்றார்.

“வீடு தேடி வந்தவுக முன்னாடி என் மானத்த வாங்கிப்புட்டியே மாப்ள. ஒனக்கெல்லாம் எதுக்குய்யா கடை?”

கட்டிடக்காரர் காப்பியை மீதி வைக்காமல் குடித்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே கடையை ஒரு செருப்புக் கடைக்காரருக்கு விட்டுவிட்டார். மாமா ஒரு சாமான் இரவல் வாங்கிவந்து சரிசெய்து தருகிறேன் என்று ஆள்விட்டுச் சொன்னார். இனிமேல் அதில் கை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியனுப்பினார். மாமா போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார். பச்சையும் ஊதாவுமாகவே நாங்கள் இரண்டு வருஷம் டிவி பார்த்தோம்.

காந்தம்தான் கெடுத்தது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நான் நல்லதல்லவா செய்தேன். மாமாவுக்கு வேலை சரியாகத் தெரியாது என்று நானே நம்பிவிட்டேன். நல்லதுதான் செய்தேன் என்றால் எதற்குப் பொய் சொன்னேன்?

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்கு இருந்தேன். கடைக்கார அக்காவின் டிவியில் ஒருநாள் அதே போல ஒரு திட்டு. மெக்கானிக் வந்து, அரிசி புடைக்கிற சொளகு அகலத்தில் ஒரு ஒயர் வளையத்தைத் திரைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் பின்வாங்கினார். ஒரு நிமிஷத்தில் திட்டு போய்விட்டது. என்ன அண்ணே அது என்று கேட்டேன்.

“சின்னப்பிள்ளைக காந்தத்த வச்சு விளாண்டிருக்குதுகம்மா. வட்டமா நிக்கும். பாத்த ஒடனே தெரியும்.”

உள்ளே பட்டன் மாதிரி ஒரு பார்ட் செத்திருக்கிறது, அது நன்றாக இருந்தால் சுவிட்ச் போடும்போதெல்லாம் தானாகவே துடைத்துவிடும் என்றும் சொன்னார். நான் அன்று ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்தேன்.

பார்த்த உடனே தெரியும். அப்படியென்றால் அந்த ஐந்து வட்டத்தையும் விரலால் தொட்டபோதே மாமாவுக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் என் பொய்யும் வெளியே வந்திருக்கும், அப்பா அறுபது ரூபாய்க்குக் கணக்குப் பார்த்ததும் கட்டிடக்காரர் முன்னால் வெளியே வந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மூடினார். கடை போனது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்ற எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. அடி விழாமல் தப்பித்தது மட்டும்தான் புரிந்தது.

போன மாதம் சுருளிப்பட்டியில் ஒரு காதுகுத்து வீட்டில் மாமாவைப் பார்த்தேன். மாமா, அந்த மேகமலை டிவி என்று ஆரம்பித்தேன். “அந்தப் பெட்டியா? நல்ல மரம்த்தா அது” என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார்.

அப்பா இப்போது இல்லை. அந்த வேலைக்கு அவர் பேசிய கூலி ஐந்நூறு. முதல் நாள் பஸ் செலவுக்கென்று நூற்றைம்பது கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. நான் கொடுக்கலாம். கொடுத்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். இன்றைய தேதிக்கும் மாமாவுக்கு நிற்கிற பாக்கி முந்நூற்று ஐம்பது ரூபாய்.