நெவில் சாய்ந்து நின்ற பாவாடைகள்

நவம்பர் திருவிழா வந்துவிட்டால் பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஒமாரு ஊரில் பாதிப் பெண்கள் நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விடுவார்கள். இடுப்பில் கம்பிக் கூட்டைக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் புடைத்து நிற்க, அதன்மேல் கொசுவம் கொசுவமாகப் பட்டு இறங்கும் பாவாடையோடு துறைமுகத் தெருவில் நடப்பார்கள். நடப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தைத்தவள் என் பக்கத்து வீட்டு ரேலீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டியை நிறுத்திய கையோடு ஊசியை எடுத்துவிடுவாள்.

அவளிடம் தையல் பொம்மை கிடையாது. பொம்மை நடக்காது, திரும்பாது, துணி எப்படி ஆடும் என்று காட்டாது என்பாள். அவளுக்குப் பொம்மை அவள் புருஷன் நெவில்தான். ஆட்டிறைச்சி ஆலையின் சிமெண்டுத் தரையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். தொப்பையைத் துணிப்பட்டையால் இறுக்கி, கம்பிக் கூட்டைக் கட்டிக்கொண்டு சமையலறை மேசைமேல் ஏறி நிற்பார். அவள் கீழே நின்று மடிப்பு வைத்துக் குண்டூசி குத்துவாள். நாயோடு தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கை காட்டினால், அவரும் மகாராணி மாதிரிக் கை காட்டுவார். கூச்சம் என்பது அவருக்கு மருந்துக்கும் கிடையாது.

ரேலீன் தைத்த பாவாடைகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. வலப்பக்க விளிம்பு ஒரு விரல் தூக்கி நிற்கும். பின் கொசுவமும் அதே சாய்வில் இறங்கும். ஊரில் அதற்கு ரேலீன் சாய்ப்பு என்றே பெயர் வைத்துவிட்டோம். வெளியூர்க்காரிகள் படம் பிடித்துக்கொண்டு போய் அதே மாதிரி தைக்கப் பார்ப்பார்கள். அவளையே கேட்டால், பிள்ளையை ஒரே இடுப்பில் தூக்கித் தூக்கிப் பெண்கள் எல்லாரும் கோணிப்போய்விட்டீர்கள், பாவாடை என்ன செய்யும் என்று பழியை எங்கள் தலையில் கட்டிவிடுவாள். பிள்ளையே பெறாத நானும் அதை நம்பினேன்.

இந்த வருடம் திருவிழாச் சனிக்கிழமையில் அவர்களுடைய ஒரே மகள் ஹேலிக்குக் கல்யாணம். அம்மா தைத்த பாவாடையில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வர வேண்டும் என்பது அவள் சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்த ஆசை. நெவிலின் வலது முழங்கால் தொந்தரவு தருவதாகக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வெளியே வந்தது. மகளோடு நடக்க வேண்டுமே என்று எங்கள் ஜூலைக் குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடிப் பாவாடையை ரேலீன் சிகிச்சைக்கு முன்பே முடித்திருந்தாள். மேல் பாவாடைக்கு மட்டும், அவர் குணமாகி மறுபடி மேசை ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

வியாழக்கிழமை ஹேலி இரண்டையும் சேர்த்து உடுத்திப் பார்த்தாள். நானும் கூட இருந்தேன். மேலே கொசுவம் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. கீழே விளிம்பு கோணிக்கொண்டு போனது. சண்டைக்காரிகள் இருவர் ஆளுக்கொன்றாகத் தைத்த மாதிரி இருந்தது. ரேலீன் மகளை நேராக நில் என்று அதட்டினாள். ஹேலி நேராகத்தான் நின்றாள். கண்ணாடியைப் பார்த்த அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரேலீனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெவிலை மேசைமேல் ஏற்றி அடிப் பாவாடையைக் கட்டிப் பார்த்தாள். அவர் உடம்பிலும் அது கோணல்தான். அவர் குனிந்து விளிம்பைப் பார்த்தார். பிறகு மெல்ல வலது முழங்காலை மடித்து, உடம்பு பாரத்தை இடது காலில் போட்டார். விளிம்பு மேசைக்குச் சமமாக வந்துவிட்டது.

"இப்படியே நிக்கறேன் ரே. மேல்பாவாடையையும் இதுக்கு ஏத்த மாதிரி குத்திடு. ஊருக்குப் பழகின சாய்ப்புதானே," என்றார்.

அவள் குண்டூசி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு காலமா இப்படி நிக்கற?"

"ஆலையில இருக்கும்போதே வந்த வலி அது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உக்காருன்னு சொல்லியிருப்ப. நான் உக்காந்துட்டா உனக்குப் பின்பக்கம் எப்படித் தெரியும்?"

ரேலீன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அந்த மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் அழகு அழகு என்று கொண்டாடிய சாய்ப்பெல்லாம் அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு தாங்கிய வலி என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது. ரேலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நேரா நில்லு. இனிமே நீ சாஞ்சு ஒரு பாவாடையும் நான் தைக்க மாட்டேன்."

வெட்டிய விளிம்பை ஒட்டவா முடியும்? அடிப் பாவாடையின் இடுப்புப் பட்டையைப் பிரித்து, இடப்பக்கத்தை ஒரு விரல் மேலே ஏற்றினாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஹேலியும் நானும் தையல் பிரித்தோம். நான் பிரித்தது சரியில்லை என்று மூன்று முறை திட்டு வாங்கினேன். பாவாடை மொத்தமாக ஒரு விரல் உயர்ந்து, மணப்பெண்ணின் காலணி வெளியே தெரிந்தது. தடுக்காமல் ஆடலாம் என்று ஹேலி சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் வெள்ளைக் கல் கட்டடங்களுக்கு நடுவே நடந்து வந்தார்கள். பாவாடை நேராக இருந்தது. நெவிலும் நேராக நடந்தார். நாங்கள் எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்த பாவாடையோடு ஓரமாக நின்று கை தட்டினோம். ரேலீன் மகளைப் பார்த்ததைவிட அவர் காலைத்தான் அதிகம் பார்த்தாள்.

அடுத்த வாரம் சூடாக இறைச்சி அடைத்த அப்பம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெவில் மறுபடியும் மேசைமேல் நின்றார். ரேலீன் இடுப்பருகே மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் உடம்பு துள்ளியது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முழங்காலா என்று கேட்டாள்.

"முழங்கால் வலியெல்லாம் போயே போச்சு. அது போனப்புறம்தான் நீ குண்டூசியால குத்துறதே எனக்குத் தெரியுது," என்றார் நெவில்.