ஜனவரித் தாளில் ஓர் இரண்டு

எங்கள் மலையூரான ரிங்லெட்டில் சீனர் மளிகைக் கடையில் வருடக் கடைசியில் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் இந்த வருடமும் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தாள், பெரிய சிவப்பு எண்கள், குதிரைப் பந்தய நாட்களில் கட்டத்தின் மூலையில் ஒரு குதிரைத் தலை. இந்த மலையில் பந்தயம் ஆடாதவர்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் குதிரை உண்டு. நான் இன்னும் மாட்டவில்லை. ஜனவரித் தாளை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக அதை முறைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கைப்பேசி விட்டுவிட்டு உறுமுகிறது. எடுத்தால் எங்கள் ஊர்த் தமிழ் மன்றத் தலைவர்தான் பேசுவார், அதனால் எடுக்கவில்லை.

நான் அந்த மன்றத்தின் செயலாளர். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், எழுதுகிற வேலை எதுவென்றாலும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள். இப்போது கட்டியிருப்பது குளிர்கால நிகழ்ச்சிகளின் பட்டியல். மலேசியாவில் ஏது குளிர்காலம் என்று கீழே ஈப்போவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மார்கழியில் ஒரு நாள் இங்கே வந்து விடியலில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். கார்த்திகை விளக்கு, மார்கழி பஜனை, கிறிஸ்துவ வீட்டார் வீடு வீடாகப் பாடி வருவது, தை முதல் நாள் கோயில் வாசலில் பொதுப் பொங்கல், பிறகு தைப்பூசம். மழையும் மூடுபனியும் விடாத இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் எங்கள் ஜனங்கள் ஒன்றாகக் கூடுவது வழக்கம். பட்டியலைப் போன மாதமே எழுதி மன்றத்துக் கைப்பேசிக் குழுவில் போட்டுவிட்டேன். இன்று காலை தலைவர் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். பொதுப் பொங்கலை மூன்று நாள் தள்ள வேண்டுமாம். அன்றைக்குத்தான் பெரிய மனிதர் ஒருவர் வர முடியுமாம், சனிக்கிழமை என்பதால் சுற்றுலா வருகிறவர்களும் நிறையப் பார்ப்பார்களாம். "சின்ன மாத்தம்தானே லா, போஸ்டர்ல ஒரு நம்பர மாத்துனா போதும்," என்கிறார்.

ஒரு நம்பர்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மண்டோரம்மாவின் ஞாபகமாகவே இருக்கிறது.

கொழுந்து வெட்டும் பெண்களை மேற்பார்வை பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் மண்டோர் என்போம். எங்கள் தோட்டத்தில் பெண் ஒருவர் அந்த வேலையில் இருந்தது அவர் காலத்தில்தான். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர், ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தூசியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ரப்பர் பூட்ஸ், இடுப்பைச் சுற்றிக் கட்டிய நெகிழித் தாள், தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஓர் ஆணியில் அவருடைய குதிரைக் காலண்டர் தொங்கும். வருடக் கடைசியில் அதே ஆணியில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். பழையதில் நவம்பரும் டிசம்பரும் மீதி இருக்க, புதியதில் ஜனவரியை முன்னால் மடித்து விட்டிருப்பார். கட்டங்களில் நீலப் பென்சிலால் ஏதேதோ எண்கள். மழைச் சாரல் பட்டுத் தாள் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்பதால், ஏதோ பொழுதுபோகாமல் கிறுக்கி வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோட்டத்துப் பொங்கல் குழுவுக்கு அப்போதும் நான்தான் செயலாளர், ஆபீஸ் டைப்ரைட்டரில் பட்டியல் அடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டுகிறவனும் நான்தான். என் பட்டியலைப் பார்த்துத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம், அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

தீபாவளி முடிந்த மறு வாரமே ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார். "கிராணி, கோயில் பொங்கல் என்னைக்கு? தேதிய சொல்லுங்க." குழு இன்னும் கூடவில்லை என்பேன். "நீங்க எப்ப வேணா கூடுங்க. கொழுந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது," என்பார். கொழுந்துக்கும் பொங்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் கௌரவம் குறைந்துபோயிருக்கும் போல. அதிகாரம் பண்ணுகிறார் என்று எரிச்சல்படுவதோடு சரி. அவரும் விளக்கியதில்லை. தேதியை வாங்கிக்கொண்டு ஒரு தலையாட்டலோடு போய்விடுவார். வருடா வருடம் தை முதல் நாள் பெண்கள் காலையில் ஒரு நிறுவை முடித்துவிட்டு நேராகக் கோயில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஒரு பானை என்று வரிசையாக அடுப்பு எரியும். மூடுபனியில் சூரியன் முகம் காட்டாது, புகையும் பனியும் கலந்து எதிரே நிற்கிறவர் யாரென்றே தெரியாது, பானை பொங்கும்போது எழும் சத்தத்தை வைத்துத்தான் எந்த லயம் முந்தியது என்று சொல்ல வேண்டும். தோட்டத்து மேனேஜரான துரை அரை நாள் லீவு விடுவதால்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நாங்கள் மேடையில் துரைக்கு நன்றி சொல்லி மாலை போடுவோம். அந்த மாலையைக் கட்டுகிற செலவைப் பற்றிக்கூடக் குழுவில் பேசியிருக்கிறோம், மண்டோரம்மாவைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஒரு வருடம் அரசியல்வாதி ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். தை முதல் நாள் அவருக்கு வேறு ஊரில் வேலை, இரண்டு நாள் தள்ளி வைத்தால் வருகிறேன் என்றார். நாங்கள் தள்ளி வைத்தோம். இரண்டு வாரம் இருக்கும்போது புதுப் பட்டியல் அடித்து ஒட்டினேன். மண்டோரம்மா அன்று சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "கிராணி, ரவுண்டு இனிமே திரும்பாது. அன்னைக்கு நாங்க ஒம்பதுல நிப்போம்," என்றார். தேயிலைக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் மலை உச்சியில் இருப்பது. அதற்கென்ன, லாரி இருக்கிறதே, ஏறி வந்துவிட வேண்டியதுதானே என்றேன். அவர் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். அப்புறம் போய்விட்டார்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. அரசியல்வாதி சொன்ன நேரத்துக்கே வந்து தொலைத்தார். ஐம்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் நானும் துரையும் குழுவில் இருந்த நான்கு ஆண்களும் நின்றோம். அவர் கையாலேயே அடுப்பைப் பற்றவைத்தார், பானை பொங்கியது, "பொங்கலோ பொங்கல்" என்று அவரோடு சேர்த்து ஏழு குரல்கள் கேட்டன. அதைவிட யாரும் கத்தாமலே இருந்திருக்கலாம். ஒன்பதாம் நம்பரிலிருந்து லாரி சேற்றில் இறங்கி வந்து சேரும்போது அடுப்பு அணைந்து சாம்பல் நனைந்து கிடந்தது. பெண்கள் தொப்பலாக நனைந்து, நாங்கள் அச்சடித்த அழைப்பிதழ்கள் மிதிபடும் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அன்று மத்தியானமே துரைக்கு ஒரு புகார்க் கடிதம் அடித்தேன். மண்டோர் வேண்டுமென்றே பெண்களை உச்சியில் நிறுத்தி வைத்து நிகழ்ச்சியைக் கெடுத்தார் என்று எழுதினேன். "வேண்டுமென்றே" என்பதற்கு நல்ல கனமான ஆங்கிலச் சொல்லாக வேண்டும் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்துப் போட்டேன்.

துரை அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் அறையில் இருந்தேன். மண்டோரம்மா இரண்டு காலண்டர்களையும் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். "தேதிய நான் மாத்தலீங்க, துரை. மாத்துனவங்கள கேளுங்க," என்றார். துரை என்னைக் கேட்டார். "பட்டியல் முன்னாடியே ஒட்டியாச்சு, சார்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனை நாள் முன்னாடி என்று துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மண்டோரம்மா சுருட்டிய காலண்டரை விரிக்கவே இல்லை. விரித்திருந்தால் துரைக்கு ஒரு பார்வையில் புரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு விரிக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். மறு வாரம் அவரை மண்டோர் வேலையிலிருந்து எடுத்து நாற்று மேடைக்கு அனுப்பினார்கள். பையில் மண் நிரப்புகிற வேலை.

காலண்டர்கள் மட்டும் திரும்பவும் அந்த ஆணியிலேயே தொங்கின. போகும்போது அவரே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். புதிதாக வந்த மண்டோர், இது என்ன கணக்கென்று தெரியவில்லை, படித்த ஆள் நீங்கள் வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். தை முதல் நாள் கட்டத்தில் வட்டம் போட்டு ஓர் இரண்டு, இரண்டு நாள் தள்ளி ஓர் ஒன்பது. இரண்டாம் நம்பர் என்பது கோயிலை ஒட்டி இருக்கும் காடு, வேலை முடிந்து நடந்தே வாசலுக்கு வந்துவிடலாம். அந்த இரண்டிலிருந்து பின்னோக்கி, ஜனவரியிலிருந்து டிசம்பருக்கும் டிசம்பரிலிருந்து நவம்பருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நம்பர். ஒரு காட்டில் கொழுந்து வெட்டினால் மறுபடி மூன்று வாரம் கழித்துத்தான் அங்கே வர முடியும். முந்தினால் கொழுந்து இருக்காது, பிந்தினால் முற்றிப்போகும், தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். பொங்கலன்று இரண்டாம் நம்பரில் நிற்க வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த கையோடு சுற்றைத் திருப்ப ஆரம்பிக்க வேண்டும். கொட்டும் மழையில் உச்சிக் காட்டை முன்கூட்டி முடித்து, ஒரு நாள் இங்கே பிடித்து, அரை நாள் அங்கே விட்டு, பெண்களிடம் திட்டு வாங்கி, துரைக்குக் கொழுந்து குறையாமல் அத்தனையையும் அவர் ஒருவரே செய்திருக்கிறார். பஜனை முடியும் நாளிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளிலும்கூடப் பக்கத்துக் காடுகளின் நம்பர்தான் இருந்தது. நான் பட்டியல் ஒட்டினேன், அவர் ஜனங்களைக் கொண்டு வந்து சேர்த்தார். புது மண்டோருக்கு, "ஒண்ணும் இல்ல, பழைய கணக்கு," என்றேன்.

நாற்று மேடை ஆபீஸிலிருந்து நூறு அடி தூரம்கூட இருக்காது. ஜன்னல் வழியாகத் தலைத் துண்டு தெரியும். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரையிடம் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே வருடங்கள் போயின. என்ன செய்தேன் என்றால், அடுத்த பொங்கலுக்கு அவர் லயத்துக்கு என் கையாலேயே அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை ஒரு பெரிய காரியமாக அப்போது நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். பொங்கலன்று தன் வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டித் தனியாகப் பானை வைத்தார். அதன்பின் வேலையில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான், பொது வாசலுக்கு அவர் பானை வரவே இல்லை. வீம்பு என்று நாங்கள் குழுவில் பேசிக்கொண்டோம். அதில் என் குரலும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஓய்வு பெற்று ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போனவர் சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். செய்தி மன்றத்துக் கைப்பேசிக் குழுவில்தான் வந்தது. பொங்கல் போஸ்டரின் பின்னணி பச்சையா மஞ்சளா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். நடுவில் யாரோ அவர் படத்தைப் போட்டார்கள், கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். பிறகு பச்சைதான் நல்லது என்று எழுதினேன்.

இப்போது காட்டில் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் பிரிஞ்சாங்கில் ஹோட்டல்களிலும், திரிங்காப் பக்கம் பூத் தோட்டங்களிலும் வேலை செய்கிறார்கள். மழைக்காலப் பள்ளி விடுமுறையில் ஊருக்கே கூட்டம் ஏறி வரும்போது அவர்களுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகள் வருவதில்லை, பண்பாடு போய்விட்டது என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் அழாத குறையாகப் பேசுவார், நானும் தலையாட்டுவேன். என் அண்ணன் மகள் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்குப் பொறுப்பாள். தலைவரின் செய்தி அவளுக்கும் போயிருக்கிறது. நான் இப்படிக் காலண்டரை முறைத்துக்கொண்டிருக்கும்போதே, மத்தியானம் வேலைச் சட்டையோடு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சித்தப்பா, தை மொத நாளுன்னு நீங்க எழுதுனத நம்பி எட்டு பேருக்கு லீவு வாங்கி வச்சிருக்கேன். ஒரு மாசமா ஒருத்தி ஷிப்ட ஒருத்திக்கு மாத்தி, கிறிஸ்துமஸ் அன்னைக்கு நானே ரெண்டு ஷிப்ட் செய்யிறேன்னு ஒத்துக்கிட்டு வாங்குன லீவு. இப்ப சனிக்கிழமைன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மேனேஜர்கிட்ட கேக்குறது?"

அவள் கைப்பேசியில் ஷிப்ட் அட்டவணையின் கட்டங்களைக் காட்டினாள். பெயர்கள், மாற்றிய நாட்கள், பின்னோக்கிப் பின்னோக்கி நவம்பர் வரை. எனக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. அவள் முன்னாலேயே தலைவரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். தேதி மாறாது, லீவு வாங்கியாச்சு என்றேன். அவர் சிரித்தார். அப்புறம், பெரிய மனிதரிடம் ஒப்புக்கொண்டாயிற்று, கோயில் வாசலையும் சனிக்கிழமைக்குச் சொல்லியாயிற்று என்றார். உங்களுக்கு முடியாவிட்டால் போஸ்டரை வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றார். செய்தும் விட்டார். அரை மணி நேரத்தில் புதுத் தேதியோடு போஸ்டர் வந்துவிட்டது, கும்பிடு பொம்மைகளும் வந்துவிட்டன. ஆள் வராத நிகழ்ச்சிக்கு இப்படி ஓர் அவசரம். அவரைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இந்த மலையில் இதை முதலில் செய்து காட்டியவன் நான்தான் என்பது ஞாபகம் வந்ததும் திட்ட வரவில்லை.

"அப்ப லீவெல்லாம் வீணா, சித்தப்பா?" என்றாள்.

"வீணில்ல. எட்டு பேரும் வரட்டும்."

"வாசல்தான் கெடைக்காதே. பானைய எங்க வைக்கிறது?"

"நம்ம வீட்டு வாசல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மேசை மேலிருந்த ஜனவரித் தாளை இழுத்தேன். நீலப் பென்சில் இல்லை, நீலப் பேனாதான் இருந்தது. தை முதல் நாள் கட்டத்தில் ஓர் இரண்டு போட்டு, வட்டமிட்டு, காலண்டரைச் சுவரில் மாட்டினேன்.

"ரெண்டுன்னா என்னா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

உட்காரச் சொன்னேன். நான் அடித்த கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன்.