டியூஷனுக்கு இடைஞ்சலான பிள்ளைகள்

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் சிறிய நகரத்தில், அரிசிக்கு நீலச் சாயம் பூசிக் கடல் செய்கிறார்கள். தேவாலயத்தோடு ஒட்டிய மண்டபம் அது. சனிக்கிழமைகளில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் தொட்டும் அளைந்தும் விளையாட அகலத் தட்டுகளில் நீல அரிசி, ஈர மணல், சிப்பி, சவர்க்கார நுரை எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு வாரம் காடு, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் கடற்கரை. யாரும் பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்குவதில்லை. முதல் நாள், அங்கே பொறுப்பாக இருக்கும் ஜெனி என்னிடம் வந்து, சாப்பாட்டுப் பொருளில் விளையாடுவது சில குடும்பங்களுக்குப் பிடிக்காதே, "டூ யூ மைண்ட்?" என்று கேட்டார். சம்மதம் சொல்வதாக நினைத்து, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். அந்தக் கேள்விக்கு யெஸ் என்றால் 'எனக்குப் பிடிக்காது' என்று அர்த்தமாம். அவர் மன்னிப்புக் கேட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் ஏழு வயது மகள் ஹம்னா தட்டின் பின்னால் ஓடி, தரையில் விழுந்து அலறினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் ஒருவரும் முறைத்துப் பார்க்கவில்லை. ஜெனி தட்டைத் திரும்பக் கொண்டுவந்து அவளருகே வைத்தார். தானும் தரையில் படுத்துக்கொண்டார். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். நானோ, ஊரில் இவளுக்கு இப்படி ஒரு இடம் இருக்கவில்லையே என்று பஸ்ஸில் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில், எங்கள் வீட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாலே கடல் இரைவது கேட்கும். சாயம் பூசாத கடல். ஹம்னாவுக்கு மூன்று வயதானபோது பாலர் பாடசாலையில் சேர்த்தோம். பத்தாவது நாள் ஆசிரியை என்னை வாசலிலேயே மறித்தார். "கோவிச்சிக்காதங்க. இந்தப் புள்ளைய வச்சிரிந்தா மத்தப் புள்ளைகள அனுப்ப மாட்டமெண்டு சொல்றாங்க." சொந்தக்காரர்கள் கண்ணூறு என்றார்கள், ஓதிப் பார்க்கச் சொன்னார்கள், நான் ஃபோனைக் கொடுத்துக் கெடுத்தேன் என்றார்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என் கணவரின் தாய், மாமி, அவளைப் பின்னறைக்குக் கொண்டுபோவார். மாமியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் தங்கச்சியின் கலியாணத்தன்று அவளை அந்த அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டவள் நான்தான். போட்டோக்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருட விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அங்கும் இந்தத் தட்டு விளையாட்டை நடத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். அரிசியை வீணாக்குகிறாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, சம்மாந்துறை ஆலையிலிருந்து இரண்டு மூட்டை உமி எடுப்பித்தேன். கருப்பொருள் வயல். ஒரு பேசினில் உமி, ஒன்றில் சேறு, ஒன்றில் நனைத்த வைக்கோல். சனசமூக மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். இப்படிப் பிள்ளைகள் உள்ள ஏழு தாய்மார் வருவதாகச் சொன்னார்கள். வந்தது ஒருத்தி. ஸித்தி என்று பெயர். பக்கத்துத் தெருதான், ஆனால் அவளுக்கு றிஃப்கா என்று பதினொரு வயதில் ஒரு மகள் இருப்பது எனக்கே தெரியாது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் சீலை கட்டி மறைத்துக் கூட்டி வந்திருந்தாள். முதல் ஒரு மணித்தியாலம் றிஃப்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு உமிக்குள் ஒரு விரலை விட்டாள். பிறகு முழங்கை வரை. பிறகு சிரித்தாள், மண்டபம் அதிரும் சத்தத்தில்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மண்டபத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் வந்தார். "மகள், நல்ல வேலதான். ஆனா பக்கத்துல டியூஷன் நடக்கிது. புள்ளைகளுக்குப் பரீட்ச வருது. சத்தம் சரிவராது."

"இதுகளும் இந்த ஊருப் புள்ளைகள்தானே?"

"ஓம், ஆரு இல்லெண்ட? ஊட்டுல வச்சிச் செய்யுங்களன்."

"ஊட்டுல வச்சித்தானே இவ்வளவு காலமும் பூட்டி வச்சிரிக்கம்!"

கத்திவிட்டேன். வெளிநாட்டுக்குப் போனதும் வாய் நீண்டுவிட்டது என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. டியூஷன் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக்கூடத் தணிக்கச் சொல்லும் ஊர் இது. ஒரு பிள்ளை பதினொரு வருடத்தில் முதல் தடவை வெளியில் சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மண்டபக் கதவு பூட்டியிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். ஸித்தி இந்தத் தடவை ஆட்டோவுக்குச் சீலை கட்டவில்லை. வலை இழுத்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். றிஃப்கா ஈர மண்ணில் முகம் படக் குப்புறப் படுத்தாள். ஹம்னா அவள் முதுகில் மண்ணை அள்ளிச் சொரிந்தாள். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண் தன் மகளைப் பின்னால் இழுத்தாள். "கிட்டப் போகாத, ஒட்டிரும்."

ஸித்தி எழும்பினாள். "ஒட்டாது ராத்தா. ஒட்டுறதெண்டா இந்தப் பதினொரு வருஷத்துல முதல்ல எனக்கு ஒட்டியிரிக்கோணும். பயமெண்டா நீங்க அங்கால போங்க. நாங்க எழும்ப மாட்டம்."

அந்தப் பெண் போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பன்னிரண்டு நாட்கள் போனோம். ஆறாம் நாள் இன்னொரு தாய் வந்தாள். மற்ற ஐந்து பேர் கடைசிவரை வரவேயில்லை.

இங்கே திரும்பி வந்தபின், "வீட்டுக்குப் போனது நல்லாயிருந்ததா?" என்று ஜெனி கேட்டார். "குட், குட்" என்றேன். அந்த மண்டபக் கதவைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. ஊரில் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு வாய் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஸித்தி வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள்: "நாங்க இப்பவும் போறம். நீங்க எப்ப வாறீங்க?" நான் பதில் அனுப்புவதற்கு நாளாகிறது.

கடைசி நாளை நினைக்கிறேன். கொழும்புக்குப் போகும் வேன் தெருவில் நின்று ஹோர்ன் அடித்தது. ஹம்னா என் வலக்கையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தாள். அவளுக்குத் தன் கட்டிலும் தன் கோப்பையும் வேண்டும். இடப்பக்கம் றிஃப்கா என் முக்காட்டு நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். தன் மகள் யாரையும் தொடுவதில்லை என்று ஸித்தி சொல்லியிருந்தாள். றிஃப்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். ஒவ்வொரு விரலை விரிக்கும்போதும், அதற்கு முன் விரித்த விரல் திரும்பவும் மூடிக்கொண்டது.